சாமிக்குச் சுருட்டு, மகனுக்குச் சூயிங்கம்

கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றுதான் என் மகனைக் கோரிப்பாளையத்தில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் பல்லைப் பார்த்தார், தட்டினார். பிறகு எதையோ கவனித்தவர் போல அவனுடைய கீழுதட்டைப் பிடித்து வெளிப்பக்கமாக மடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டாக்டர்கள் பேசாமல் இருக்கும் நேரத்தில் எனக்கு வியர்க்கும். அன்றும் வியர்த்தது.

"எத்தன வருஷமா வைக்கிற?" என்று அவனைக் கேட்டார்.

அவர் விரல் வாய்க்குள் இருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. நான்தான் முந்திக்கொண்டு, "போன வாரந்தான் டாக்டர் வலிக்குதுன்னான்" என்றேன்.

"பல்ல விடுங்க சார். உதட்டுக்குள்ள உங்க பையன் ஒரு ஆளக் குடிவச்சிருக்காப்ல. அதக் கேக்குறேன்."

அந்த ஆள் யார் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். விரல் நகத்தளவு வெள்ளைப் பை. தேநீருக்கு முக்கி எடுக்கும் தேயிலைப் பையைச் சுருக்கினால் எப்படியோ அப்படி. உள்ளே புகையிலைத் தூளும் புதினா வாசனையும். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை ஒதுக்கிக்கொண்டால் புகை வராது, நாற்றம் வராது, துப்ப வேண்டியதில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிடும் நேரம் தவிர மற்ற எல்லா நேரமும் வைத்துக்கொள்ளலாம். நம் மாநிலத்தில் விற்கத் தடை செய்யப்பட்ட சரக்கு. எங்கே கிடைக்கிறது என்று கேட்டதற்கு என் மகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "எங்கப்பா கிடைக்கல?" என்று திருப்பிக் கேட்டான்.

பிளஸ் டூ படிக்கும்போது, விடிகாலை ஸ்பெஷல் கிளாஸில் தூக்கம் வராமல் இருக்க ஒரு நண்பன் கொடுத்தானாம். "படிக்கிறதுக்குத்தான்ப்பா ஆரம்பிச்சேன்" என்றான். அவன் வாங்கிய மதிப்பெண்ணை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பை அந்த வேலையையும் சரியாகச் செய்யவில்லை.

இப்போது அவன் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. நான் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொட்டதில்லை. அதனால் வீட்டுக்குள் அது வராது என்று ஒரு நம்பிக்கை. எந்த ஆதாரத்தில் அப்படி நம்பினேன் என்று தணிக்கையில் யாராவது கேட்டால் என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை.

உதட்டின் உட்புறம் ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. அது என்ன என்று சொல்ல, ஒரு துளி சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். "பயப்படாதீங்க" என்றும் சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்லும்வரை நான் பாதிதான் பயந்திருந்தேன்.

சதை எடுக்க ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். மகனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். எனக்கு எதிரில் என் வயதுள்ள ஒருவர், முகத்தின் கீழ்ப்பாதியைத் துண்டால் மூடி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஒரு டம்ளரில் கஞ்சியை நன்றாக ஆற்றி, ஊசி போடும் குழாய் போன்ற ஒன்றில் உறிஞ்சி, அவர் மூக்கிலிருந்து தொங்கிய குழாய் வழியாக மெதுவாகச் செலுத்தினார். செலுத்திக்கொண்டே, வீட்டில் மோட்டார் ரிப்பேரான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது போலிருக்கிறது. தோள் குலுங்கியது. துண்டுக்குக் கீழே சிரிப்பு எந்த வடிவத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த பெஞ்சில்தான் நான் நேர்ந்துகொண்டேன்.

எங்கள் குலசாமி எழுமலைக்கு அந்தப்பக்கம் வயல்காட்டில் இருக்கும் கருப்பசாமி. அவரிடம் வேண்டுதலுக்கு என்ன தருவது என்பதில் எங்கள் சனத்துக்குச் சந்தேகமே கிடையாது. அவருக்குப் பிடித்தது தெரியும். எங்கள் பெரியவர்கள் வேண்டிய முறையிலேயே நானும் கண்ணை மூடி வேண்டினேன்: "அய்யா, என் மகனுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. இந்தப் புகையில சனியன அவன் விட்டுத் தொலைச்சுட்டா, கிடா வெட்டி, உனக்குச் சுருட்டுலயே மாலை கட்டிப் போடுறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழுது வீங்கிய முகத்தோடு என்னையே பார்த்தாள்.

"என்ன நேந்தீக?"

"சுருட்டு மாலை."

"எதுக்கு?"

"புகையில விடுறதுக்கு."

ஒரு வாரமாகச் சிரிக்காதவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அடுக்களைக்குப் போய் அங்கிருந்தும் சிரித்தாள். உள்ளறையில் படுத்திருந்த மகன் குரல் கொடுத்தான்: "ப்பா, என்னைய விடச் சொல்லிட்டு அவருக்கு வாங்கிக் குடுக்குறியா? அவரு வாயி மட்டும் வாயில்லையா?"

"சாமிய அப்படிப் பேசாதடா" என்றேன். ஆனால் அவன் கேட்டதில் இருந்த நியாயம் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் வேண்டுதலை மாற்றி, பால்குடம் என்று சொல்லலாமா என யோசித்தேன். ஒரு முறை சொன்னதைச் சாமியிடம் திருத்த ஆணை போட்டு மாற்ற முடியாது என்றாள் மனைவி. இருபது வருடத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியதில் என் அலுவலக மொழி அவளுக்கும் தொற்றியிருக்கிறது.

சோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. இன்னும் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். நான் 'இல்லை' என்பதைப் பிடித்துக்கொண்டேன், மனைவி 'இன்னும்' என்பதைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தினால் அந்தப் படலம் தானாக மறையக்கூடும், நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் விளக்கினார். பிறகு மகனிடம், "நாளைல இருந்து விட்டுர்றேன்னு சொல்லப் போற. சொல்லாத. உன்னால தனியா முடியாது. இதுக்குன்னு கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஒரு ரூம் இருக்கு, போ" என்றார்.

அப்படி ஒரு அறை இருப்பதே எனக்குத் தெரியாது. அரசாங்கத்தில்தான் வேலை செய்கிறேன், எந்தத் துறையில் எந்தக் கோப்பு எங்கே தூங்குகிறது என்று ஓரளவு தெரிந்தவன். ஆனால் ஓர் அரசு மருத்துவமனையில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய நடைபாதையின் கடைசியில், புகையிலையை விடவைக்க ஒரு பெண்மணி மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாது. வாசலில் பலகையும் இல்லை. கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

முப்பது வயதுக்காரர். என் மகன் முதல் நாள் அவரை மேடம் என்றான், இரண்டாம் வாரம் அக்கா என்றான். அவர் அவனைத் திட்டவில்லை. நுரையீரல் படம், அழுகிய வாய்ப் படம் எதையும் காட்டவில்லை. எப்போது வைப்பாய், யாரோடு இருக்கும்போது வைப்பாய், பஸ்ஸிலா, பரீட்சைக்கு முன்னாலா, கோபம் வந்தாலா, பசியிலா என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குத் தெரியாத ஒரு மகனை அவன் அங்கே விவரித்துக்கொண்டிருந்தான். நான் குறுக்கே, "காலைல சீக்கிரம் எந்திரிச்சு நடந்தா சரியாப் போயிரும்ல மேடம்?" என்றேன்.

"சார், நீங்க அஞ்சு நிமிஷம் வெளிய நடந்துட்டு வாங்க. உங்களுக்கு நல்லது" என்றார்.

நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்தார். அதைச் சவைத்து, கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். இன்னொரு பழக்கத்தைக் கொடுத்துப் பழைய பழக்கத்தை விரட்டுவதா என்று நான் வீட்டில் சந்தேகம் கிளப்பினேன். "சாமிக்குச் சுருட்டுக் குடுக்குற ஆளு பேசக் கூடாது" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். அந்த வீட்டில் எனக்கு அதற்குப் பிறகு எந்த விஷயத்திலும் வாதாட இடமில்லாமல் போனது.

அந்த வாரங்களில் நான் நடந்துகொண்ட விதத்தை மனைவி இன்றும் நடித்துக் காட்டுவாள். மகன் பேசும்போது நான் அவன் கண்ணைப் பார்க்கமாட்டேன், கீழுதடு மேடாக இருக்கிறதா என்று பார்ப்பேன். குப்பைக்கூடையைக் கிளறுவேன். அவன் சட்டைப் பையைத் துவைக்கப் போடுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பேன். "ப்பா, என் மூஞ்சியப் பாத்துப் பேசுப்பா, கூச்சமா இருக்கு" என்பான். "பொண்ணு பாக்க வந்தப்பக் கூட நீங்க என்னைய இம்புட்டு உத்துப் பாக்கலயே" என்பாள் அவள்.

எப்படியோ அவன் தேறிக்கொண்டிருந்தான். வாரா வாரம் போவான். நடுவில் நாக்கு ஊறினால் அக்காவைப் போனில் கூப்பிடுவான். மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுவான். பேசி முடித்துக் கீழே வரும்போது முகம் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனால் பை இருக்காது. ஒரு முறை அவன் சொன்னான்: "அந்த ஆசை வந்து கொஞ்ச நேரம் நிக்கும்ப்பா. அந்த நேரத்துக்கு யாராச்சும் பேசிக்கிட்டே இருந்தாப் போதும், அதுவாப் போயிரும்." அதற்கு நானே இருக்கிறேனே என்றேன். "நீ பேசுனா ரெண்டு வைக்கணும்போல இருக்கும்" என்றான்.

பங்குனி வெயில் ஏறிய பிறகு ஒருநாள் போனவன் உடனே திரும்பி வந்தான்.

"ரூம் பூட்டியிருக்குப்பா."

"லீவா இருக்கும்."

"வாட்ச்மேன் சொன்னாரு, அந்தம்மா வரமாட்டாக, திட்டம் முடிஞ்சுபோச்சுன்னு. உள்ள ஜன்னல் வழியாப் பாத்தேன். ஏதோ பழைய கட்டில தூக்கி உள்ள போட்டிருக்காங்க."

எனக்கு உடனே புரிந்தது. என் பிழைப்பே அதுதானே. அவர் ஒப்பந்தப் பணியாளர். திட்டத்துக்கான நிதி மார்ச் முடிய. அடுத்த ஆண்டுக்கு நீட்டிப்பு ஆணை வர வேண்டும். அது வந்து, ஒதுக்கீடு வந்து, பிறகு மாவட்டத்துக்கு வந்து சேர வேண்டும். அதுவரை அந்த அறைக்கு ஆள் கிடையாது. இதை மகனுக்கு நிதானமாக, படிப்படியாக, புது எழுத்தருக்குச் சொல்வது போல விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டான்.

"அப்ப நான் போன ஏப்ரல்லயே விட ஆரம்பிச்சிருக்கணுமாப்பா?"

இத்தனை வருட உத்தியோகத்தில் நான் எத்தனையோ பேருக்கு அந்த விளக்கத்தைச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அவர் அரசு கொடுத்த போனில்தான் பேசிக்கொண்டிருந்தார். திட்டத்தோடு அதுவும் போயிற்று. மகன் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு குரல் மூன்று மொழிகளில் மரியாதையாகச் சொன்னது. சூயிங்கம் தீர்ந்தது. வெளியே மருந்துக் கடைகளில் தேடினேன். ஒரு கடைக்காரர், "அது இங்க மூவிங் இல்ல சார்" என்றார். அவர் கடைக்கு அடுத்த பெட்டிக்கடையில் மற்றது நன்றாக மூவ் ஆகிக்கொண்டிருந்தது.

சித்திரைத் திருவிழா நெருக்கத்தில், ஒரு மாலை அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ப்பா, இன்னைக்கு வச்சுட்டேன். நீ கிளறிக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்ன நானே சொல்லிர்றேன்" என்றான். அவனை நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் என் பொறுப்பு அங்கேயே முடிந்திருக்கும், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடி முன்னால் நின்று அவன் தன் உதட்டை மடித்துப் பார்ப்பதை அன்று கதவிடுக்கில் பார்த்தேன். அவனும் பயந்துதான் இருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதில் எனக்கு ஒரு கணக்குப் பிடிபடவே இல்லை. ஒவ்வொரு சிகரெட்டிலும் அரசாங்கத்துக்கு வரி வருகிறது. வரி வாங்குவது தப்பில்லை, விலை ஏறினால் நாலு பேர் குறைப்பார்கள். பள்ளிக்கூட வாசலில் விற்கக் கூடாது என்று மஞ்சள் கோடு போடுகிறார்கள். கடையைப் பிடித்து, பண்டலைக் கொளுத்தி, படம் எடுத்துப் போடுகிறார்கள். அதெல்லாம் வேண்டும். ஆனால் ஏற்கெனவே உதட்டுக்குள் போய்விட்டதை வெளியே எடுக்க ஓர் ஆள் வேண்டுமே. தடை செய்ய ஓர் ஆணை போதும். விடவைக்க ஒரு மனுசி வருடம் முழுவதும் உட்கார வேண்டும். அவர் கேட்டதெல்லாம் ஒரு மேசை, ஒரு போன், கொஞ்சம் சூயிங்கம், மாதச் சம்பளம். மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தாரே, அவருக்கு அரசாங்கம் அறுவை சிகிச்சை, மருந்து, படுக்கை எல்லாவற்றையும் எந்தக் கேள்வியும் இல்லாமல் தருகிறது, தரத்தான் வேண்டும். அதில் ஒரு ஓரத்தை முன்கூட்டியே அந்த நடைபாதைக் கடைசி அறைக்குக் கொடுத்தால் என்ன? அதோடு அந்த அக்காவைப் போல ஒருவர், பிளஸ் டூ வகுப்புக்கு வருடம் ஒரு முறை போய், தூக்கம் வந்தால் வேறு என்ன செய்யலாம் என்று பேசிவிட்டு வந்தால் என்ன? இதை நான் எழுதுவது கணக்குப் பிரிவு ஆளாகவும்தான். ஆசை மார்ச்சோடு முடிவதில்லை. பணம் மட்டும் ஏன் முடிய வேண்டும்?

இதை வீட்டில் ஆவேசமாகச் சொன்னேன். "இங்க எதுக்குச் சொல்றீக? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாகள்ல, அங்க போயிச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

நான் அரசு ஊழியன், எப்படிப் போவது, பேர் வெளியே தெரிந்தால் மகனுக்குப் பெண் கிடைக்குமா என்று இழுத்தேன்.

"வாயி இருந்தாத்தான பொண்ணு" என்று சொல்லிவிட்டு அவளே கிளம்பிப் போனாள்.

வரிசையில் நிறைய நேரம் நின்றாளாம். பட்டா, ரேஷன் கார்டு, வாய்க்கால் அடைப்பு என்று ஆளாளுக்கு வந்திருந்தார்கள். மனு பதிகிறவர் அவள் பேச்சில் புகையிலை என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்ததும், "எந்த இடத்துல கடை? கடைய மூடணும், அம்புட்டுத்தான?" என்று எழுதத் தொடங்கிவிட்டார்.

"மூடுறதுக்கு வரலங்கய்யா. ஒரு ரூம் மூடிக் கெடக்கு, அதத் தெறக்கணும்."

அவர் பேனாவை நிறுத்தி, "இந்தக் கேசு இப்பத்தான்மா முத தடவை வருது" என்றாராம்.

பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகு அறையும் திறந்தது. பழைய கட்டிலை வெளியே எடுத்தார்கள். அதே பெண்மணி வந்தார், அவருடைய போனும் திரும்ப வந்தது. தன் மனுவால்தான் என்கிறாள் மனைவி. நீட்டிப்பு ஆணை எப்போதும் அந்த மாதத்தில்தான் வரும் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை. அடுத்த முறையும் அவள் போக வேண்டியிருக்கும்.

மகன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். இந்த முறை கஷ்டமாக இருந்தது. ஆவணி வந்தபோது, கடைசியாக வைத்து நன்றாக நாளாகியிருந்தது. பல் டாக்டர் உதட்டை மடித்துப் பார்த்து, படலம் மெலிந்திருக்கிறது என்றார். நேர்த்திக்கடனைச் செலுத்திவிடலாம் என்று முடிவு செய்தோம்.

சுருட்டு வாங்கச் சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடைக்குப் போனேன். கட்டுக் கட்டாகக் கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்கா?"

"இல்லண்ணே, சாமிக்கு."

"எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்றாக" என்று மடித்துக் கொடுத்தார்.

கோயில் என்றால் பெரிய கட்டடம் இல்லை. பருத்திக் காட்டுக்கு நடுவில் ஒரு பீடம், நட்டு வைத்த அரிவாள்கள், ஒரு புளியமரம், பின்னால் தூரத்தில் மலை. பங்காளிகள் எல்லோரும் வேனில் வந்து இறங்கினார்கள். பூசாரியும் எங்கள் பங்காளிதான், எனக்கு அண்ணன் முறை. மாலையைச் சாத்தினார். தேங்காய் உடைத்தார். பிறகு ஒரு சுருட்டைத் தனியாக எடுத்து, "யாருக்காக நேந்தது?" என்றார்.

மகனைக் காட்டினேன்.

"வாய்யா. உன் கையால பத்தவச்சு அய்யாவுக்கு வையி."

இந்த விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனையோ பேர் வேண்டுதல் செலுத்தியதை அந்த இடத்தில் பார்த்திருக்கிறேன். யாருக்காக வேண்டினோமோ அவர்தான் பற்றவைப்பார். அதுதான் முறை. புகையிலையை விட்டதற்கு நன்றி சொல்ல, விட்டவனையே பற்றவைக்கச் சொல்லும் ஏற்பாட்டை நானே பெஞ்சில் உட்கார்ந்து செய்துவைத்திருக்கிறேன்.

மகன் சுருட்டை வாங்கினான். தட்டில் எரிந்த கற்பூரத்தில் அதன் நுனியைக் காட்டினான். கருகியது, புகைந்தது, அணைந்தது. மறுபடி காட்டினான். காட்டுக்காற்று கற்பூரத்தையே அணைத்தது. பின்னால் நின்ற ஒரு மாமன், "அட, வாயில வச்சு ஒரு இழு இழு மாப்ள, பத்திக்கிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. சுருட்டு அப்படித்தான் பற்றும்.

புகையின் வாசம் மகன் முகத்துக்கு நேராக அடித்தது. அவன் கை மெதுவாக மேலே வந்தது. இழுக்கத்தானா, வியர்வையைத் துடைக்கவா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவனைக் கேட்கவும் இல்லை. மனைவி என் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள்.

"அண்ணே, அவன் வேணாம். நான் பத்தவைக்கிறேன்" என்றேன்.

"நேத்தி அவனுக்குல்லப்பா?"

"வாயத் தொறந்து நேந்தவன் நான்தாண்ணே. அய்யாட்டச் சொன்ன வாயி இதுதான். அப்ப இந்த வாயிதான செலுத்தணும்?"

பூசாரி அண்ணன் பீடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, இது புதுசா இருக்கு. செய்யி" என்றார்.

மகன் கையிலிருந்து சுருட்டை வாங்கி வாயில் வைத்தேன். மாமன் தீக்குச்சியைக் கிழித்தார். ஐம்பதைத் தாண்டிய வயதில், கூடியிருந்த சனம் அத்தனைக்கும் முன்னால், நான் என் முதல் சுருட்டை இழுத்தேன். அடுத்து நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. இருமல் வயிற்றிலிருந்து கிளம்பியது. கண்ணில் நீர் கொட்டியது. யாரோ முதுகில் குத்தினார்கள். "அய்யா எறங்கிட்டாருடோய்" என்று ஒருவர் கத்தினார். "அய்யாவும் இல்ல ஒண்ணும் இல்ல, தண்ணி குடுங்க" என்று மனைவி சொன்னது கேட்டது. சுருட்டு மட்டும் நன்றாகப் பற்றிக்கொண்டது. அதைப் பீடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் மகனைக் காணவில்லை.

எனக்கு இருமல் நின்றுபோனது.

வேன் பக்கம் இல்லை. கிடாய் உரித்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லை. ரோட்டோரம் ஒரு பெட்டிக்கடை இருப்பதை வரும்போதே பார்த்திருந்தேன். அந்தப் பக்கம்தான் முதலில் ஓடினேன். கடையில் ஒரு பாட்டிலும் சில பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன, ஆள் யாரும் நிற்கவில்லை. திரும்பி வரும் வழியில், புளியமரத்துக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது.

"இல்லக்கா, வைக்கல. வாசந்தான்... ஆமா, மூஞ்சிலயே அடிச்சிருச்சு... கை நடுங்குதுக்கா. இல்ல, தண்ணி குடிச்சேன்... தெரியும், ஞாயித்துக்கிழமை, சாரிக்கா."

நான் அப்படியே நின்றேன். என் காலடி சருகில் பட்டு அவன் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தாலும், என் கோலத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, எனக்குப் பதிலா எங்கப்பா சுருட்டுக் குடிச்சாருக்கா" என்றான். எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, போனை என்னிடம் நீட்டினான்.

"என்ன சார், பழக ஆரம்பிச்சுட்டீங்களாம்? நாளைக்கு வந்து பேரு பதிஞ்சுக்கங்க" என்றார் அந்தப் பெண்மணி. பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. வீட்டில் சமைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "வர்றதா இருந்தா மார்ச்சுக்குள்ள வந்துருங்க. அதுக்கப்புறம் நான் இருப்பனோ என்னவோ."

விளையாட்டாகத்தான் சொன்னார். நன்றி என்று மட்டும் சொல்லி போனை மகனிடம் கொடுத்தேன்.

அவன் மறுபடி பேசத் தொடங்கினான். மரத்தைச் சுற்றி மெல்ல நடந்துகொண்டே பேசினான். ஆசை இன்னும் போகவில்லை என்று அவன் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சற்றுத் தள்ளி வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே இலை போட்டுவிட்டார்கள். கறிக்குழம்பு மணம் காற்றில் வந்தது. பூசாரி அண்ணன் கையை அசைத்துக் கூப்பிட்டார், மாமன் பேர் சொல்லிக் கத்தினார். கடைசியில் மனைவியே பாதி தூரம் வந்து, "வாரீகளா இல்லையா, ஆறுதுல்ல" என்றாள்.

வாயில் விரல் வைத்து அவனைக் காட்டினேன். அவள் ஒரு நிமிடம் அவனைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.